வாய் இருந்தால் வங்காளம்

ஓசூர் பக்கத்துப் பேரிகைச் சந்தையில் நின்று ஆஞ்சப்பன் வீடு எது என்று கேட்டால், எந்த ஆஞ்சப்பன் என்று திருப்பிக் கேட்பார்கள். அஞ்சு பாஷை ஆஞ்சப்பன் என்று சொல்லிவிட்டால் கவலை இல்லை. வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "பேச உட்டீங்கன்னா பொழுது போயிடும், பாத்துக்கங்க" என்று ஓர் எச்சரிக்கையையும் இலவசமாகத் தந்துவிட்டுப் போவார்கள்.

வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். மாலூர் மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போன காலத்தில் கன்னடம் வந்தது. நாக்பூர் லாரியில் இரண்டாம் டிரைவராகப் போன வருஷங்களில் இந்தி ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது இங்கிலீஷ் என்று அவனே சொல்லிக்கொள்வான். ரிவர்ஸ், பிரேக்டவுன், ஓவர்டைம் மூன்றையும் தாண்டி அதில் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பாள் மனைவி ராசாத்தி. இரண்டு பேரில் ராசாத்தி சொல்வதைத்தான் ஊர் நம்பும். ஆஞ்சப்பன் அதற்கெல்லாம் அசருகிறவன் இல்லை. "வாய் இருந்தா வங்காளம் போலாம்டி" என்பான். தொட்டதற்கெல்லாம் அந்தப் பழமொழிதான். வங்காளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அப்போது அவன் யோசித்ததில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவனுக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. காலையில் பேரிகையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் பக்கத்தில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் விடுவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். நடுவில் வண்டி சும்மா நிற்பது பொறுக்காமல் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் "பார்டர், பார்டர், பார்டர்" என்று கூவி ஆளேற்றுவான். ஓசூரில் பார்டர் என்றால் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அங்கே வேலை இங்கே வீடு என்று சிலர், இங்கே வேலை அங்கே மாமியார் என்று சிலர், தினமும் தாண்டிக்கொண்டே இருப்பார்கள். எதிர்க்கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற மாதிரி ஒரு காரியம் அது.

அந்த பார்டரில்தான் சைதுல் அவனுக்குக் கிடைத்தான். காவிரித் தகராறில் பந்த் நடந்த ஒரு நாள். பெங்களூரிலிருந்து வந்த பஸ்களை எல்லாம் அத்திப்பள்ளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரோடு முழுக்கப் போலீஸ். பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் சனங்கள் பெட்டியைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடந்தே இந்தப் பக்கம் வந்தார்கள். பந்த் என்றால் அங்கே எப்போதும் அப்படித்தான். ஆஞ்சப்பன் இந்தப் பக்கம் வேனைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். கூட்டத்தில் ஒல்லியாக ஒருவன், கூடவே முக்காடு போட்ட அவன் மனைவி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் குடித்தனமே இருந்தது.

"கஹான் ஸே?" என்று இந்தியில் கேட்டான் ஆஞ்சப்பன்.

முர்ஷிதாபாத் என்றான் அவன். மேற்கு வங்காளம். பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவன், ஃபவுண்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வருகிறான். பெயர் சைதுல். மனைவி ரெஹானா.

"பார்டர் தாண்டிட்ட இல்ல, இனிமே தமிழ் கத்துக்கணும். எங்க சொல்லு, பார்டர்."

"பார்டர்" என்றான் சைதுல்.

அவன் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அது. அது தமிழா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஓசூரில் அது தமிழ்தான்.

ஆஞ்சப்பன் வீட்டுக்கு எதிரே சரோஜம்மாள் வீட்டுப் பின்னறையில் இருவரும் குடியேறினார்கள். சைதுல் ஆஞ்சப்பனின் வேனில் ஃபவுண்டரிக்குப் போனான். ரெஹானா ராசாத்தியோடு ரோஜாப் பண்ணைக்குப் போனாள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ரோஜா வெட்டி, இலை கிள்ளி, கட்டுக்கட்டும் வேலை. வருஷங்கள் போயின. சைதுல் தமிழ் பேசினான், அதில் பாதி தெலுங்கு கலந்திருந்தது. ரெஹானா ராகிக்களி கிண்டினாள், அதில் கட்டி தட்டியது. சரோஜம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இந்தச் சிரிப்பெல்லாம் இப்படியே போயிருந்தால் கதை எதற்கு?

ஒருநாள் காலை காண்ட்ராக்டர் ஆஞ்சப்பனுக்குப் போன் செய்தான். வங்காளத்துப் பசங்களை மட்டும் கம்பெனிக்குக் கொண்டுவர வேண்டாம், நேரே ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோ, ஏதோ சரிபார்க்கிறார்களாம், காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். ஆஞ்சப்பன் கொண்டுபோய் இறக்கினான். அவன் வேனில், அவன் கையால்.

மண்டபத்தில் தாலி கட்டுகிற மேடையில் மேசை போட்டு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கடலோர மாவட்டத்துக்காரர், இதற்காகவே அனுப்பப்பட்டு வந்தவர். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவருக்குத் தமிழைத் தவிர வேறு வராது. வரவேண்டிய இந்தி தெரிந்த ஆளும் வரவில்லை. அவர் எரிச்சலோடு சுற்றுமுற்றும் பார்த்தபோது ஆஞ்சப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் சொல்றேன் சார். நமக்கு அஞ்சு பாஷை."

மற்றவர்களுக்குச் சட்டென்று முடிந்தது. சைதுல் முறை வந்தது. ஆதார் அட்டையை நீட்டினான். இதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் என்று அதிகாரி அதை ஒதுக்கி வைத்தார்.

"வீட்டுல என்ன பாஷை?"

"பங்களா" என்றான் சைதுல். வங்காள மொழியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"பார்டரை எப்படித் தாண்டினான்? அதைக் கேளு."

"பார்டர் கைசே பார் கியா?" என்று ஆஞ்சப்பன் மணியாகக் கேட்டான்.

சைதுலின் முகம் தெளிந்தது. தெரிந்த கேள்வி. அவனே தமிழில் பதில் சொன்னான். "நடந்து வந்தேன் சார். பஸ் நிப்பாட்டிட்டாங்க. போலீஸ் நெறைய. இருட்டு. எல்லாரும் நடந்து, நாங்களும் நடந்து."

"யாரு கூட்டிட்டு வந்தது?"

சைதுல் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினான். "ஆஞ்சப்பா அண்ணா."

"ஆமா சார், நான்தான்" என்றான் ஆஞ்சப்பன். "இந்தப் பக்கம் வண்டிய போட்டுனு நின்னேன். பாவம் சார், பொட்டியத் தூக்கினு வந்துனு இருந்தாங்க. அன்னிக்கு எத்தினி ட்ரிப்பு அடிச்சேன்னு எனக்கே தெரியாது."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். களைப்பு போன இடம் தெரியவில்லை. "எவ்வளவு நாளா இந்த வேலை?"

"அது இருக்கும் சார், ரொம்ப வருசம். பார்டர் ட்ரிப்புதான் சார் நமக்குச் சோறு போடுது."

அவர் ஆஞ்சப்பனின் பெயரையும் வண்டி நம்பரையும் வாங்கிக்கொண்டார். கூப்பிட்டால் வரவேண்டும் என்றார். அது தனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஆஞ்சப்பன் இரண்டு முறை கும்பிட்டான். மடையன்.

மற்ற பையன்களை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். சைதுலை மட்டும் மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டு, வேனில் ஓர் இடம் காலியாக ஆஞ்சப்பன் பேரிகைக்குத் திரும்பினான்.

"அவர் எங்க?" என்றாள் ரெஹானா.

ஆஞ்சப்பன் வேன் கதவைச் சாத்தினான். "நல்லாத்தாம்மா பதில் சொன்னான்" என்றான். "நானும் கூட இருந்து நல்லாத்தான் சொன்னேன்."

அன்றிலிருந்து குழப்பம் அவனைப் பிடித்துக்கொண்டது. கேட்டதையும் சொன்னதையும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒப்பித்தான். இந்தியில் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டோமா? 'பார் கியா' என்பதற்கு வேறு அர்த்தம் இருக்கிறதா? பஞ்சர் ஒட்டும் ராஜஸ்தான்காரனிடம் போய்க் கேட்டான். அவன் சரிதான் என்றான். சரி என்று சொன்னது இன்னும் குழப்பியது. மறுநாள் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ கல்யாணம். இங்கே இருந்தவர்கள் எங்கே என்றால், பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று அவனைக் கேட்டார்கள்.

தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள். நேற்றுவரை சைதுல் கையால் ஃபேன் மாட்டிக்கொண்டவர்கள், அவன் கண்ணே ஒரு மாதிரி என்று இன்றைக்குச் சொன்னார்கள். நரம்பில்லாத நாக்கு. சரோஜம்மாள் மட்டும் மனசில் இருந்ததை நேராகக் கேட்டாள். "ஏன் ஆஞ்சப்பா, நெசமாவே அவுங்க வெளிநாடா? குடி வெச்சதுக்கு என்னையும் கூப்புடுவாங்களா?"

"எனக்கு என்னாக்கா தெரியும்" என்றான் ஆஞ்சப்பன். அப்படிச் சொன்னதும்தான் உறைத்தது, அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று. முர்ஷிதாபாத் என்று சைதுல் சொன்னான், இவன் நம்பினான். அது எங்கே இருக்கிறது என்று இவன் கண்டானா? சர்க்கார் காரணமில்லாமலா ஒருவனைப் பிடிக்கும்? ரெஹானா தண்ணீர்க் குடத்தோடு போகும்போது அவள் முகத்தில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு அப்படிப் பார்த்ததற்காக வெட்கப்பட்டான்.

ராசாத்திக்கு இந்த யோசனை எல்லாம் கிடையாது. ரெஹானாவின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து தன் வீட்டில் போட்டாள். ரோஜாப் பண்ணைப் பெண்கள் ரெஹானாவை நடுவில் விட்டுச் சுற்றி நடந்தே வேலைக்குக் கூட்டிப் போனார்கள், கூட்டி வந்தார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஒருத்தி தன் தலைத்துண்டை எடுத்து ரெஹானாவின் முக்காட்டுக்கு மேல் சுற்றிவிடுவாள்.

ஒருநாள் முர்ஷிதாபாத்திலிருந்து சைதுலின் அண்ணன் போனில் வந்தான். அழுகைக்கு நடுவில் அவன் பேசிய இந்தியை ஆஞ்சப்பன் தட்டுத்தடுமாறிப் பிடித்தான். சைதுலை ரயிலில் கிழக்கே கொண்டுபோய்விட்டார்கள். நாட்டு எல்லை ஓரத்தில் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள். சீக்கிரமே வேலிக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்துக்குள் தள்ளிவிடப் போகிறார்களாம். அந்த நாட்டில் அவனுக்கு ஒரு முகம் தெரியாது. தள்ளிவிட்டால் திரும்பி வர வழியும் கிடையாது. "எல்லையைத் தாண்டி வந்தேன்னு அவனே ஒத்துக்கிட்டானாம், எதுக்கு அப்படிச் சொன்னான்?" என்று அண்ணன் கேட்டான்.

ஆஞ்சப்பனுக்குத் தலை சுற்றியது. அவன் பக்கத்தில்தானே இருந்தான்? அப்படி ஒரு பேச்சே வரவில்லையே?

அந்தக் குழப்பத்தோடேயே மறுநாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று வழக்கம்போலக் கூவினான். "பார்டர், பார்டர், பார்டர்." வேனுக்குள் ஃபவுண்டரி சூப்பர்வைசர் எபினேசர் உட்கார்ந்திருந்தார். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர், பல வருஷமாகப் பேரிகையில் குடியிருப்பவர். பக்கத்தில் அவருடைய மச்சினன் டெல்வின், வேலை தேடி அன்றைக்குத்தான் தெற்கிலிருந்து வந்து இறங்கியவன்.

டெல்வின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டான். "அத்தான், பார்டர் பார்டர்னு கூவுதாவளே, இங்கன எந்த நாடு வருது?"

எபினேசர் சிரித்தார். ஆஞ்சப்பன் சிரிக்கவில்லை. நான்காவது 'பார்டர்' வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தான். வண்டியில் இருந்தவர்கள் அவனுக்கு நெஞ்சுவலி என்று பயந்துபோனார்கள்.

அதிகாரி கேட்டது நாட்டு எல்லையை என்று வீட்டுக்கு வந்து ராசாத்தியிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும். "வாய் இருந்தா வங்காளம் போலாம், வங்காளம் போலாம்னு சொல்லினே இருந்த. அந்தப் புள்ளைய அனுப்பியே வெச்சிட்ட" என்றாள். ஆஞ்சப்பன் அழுதான். ரெஹானா எதற்கு என்று புரியாமல் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

அதிகாரி கிருஷ்ணகிரியில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார் என்று எபினேசர் விசாரித்துச் சொன்னார். போகவேண்டும். ஆனால் ஆஞ்சப்பனுக்குப் பயம். ஆளைக் கடத்திக்கொண்டு வந்தவன் என்று அவன் தலையெழுத்தையும் அவனே சொல்லி எழுதவைத்துவிட்டு வந்திருக்கிறானே. போனால் திரும்பி வருவோமா?

"ஒத்தையில எதுக்கு அண்ணாச்சி போறீய?" என்றார் எபினேசர். "பந்த் அன்னைக்கு நானும் பெட்டியைத் தூக்கிட்டு அந்த வழியா நடந்து வந்தவன்தானே."

அவர் வந்தார். சரோஜம்மாள் வந்தாள். ரோஜாப் பண்ணைப் பெண்கள் ஒரு பொழுது வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். சைதுல் கண்ணே ஒரு மாதிரி என்று சொன்னவர்களில் கூட இரண்டு பேர் வேனில் ஏறிக்கொண்டார்கள். மனிதர்களைப் புரிந்துகொள்ளவே முடியாது.

அதிகாரி ஆஞ்சப்பனைப் பார்த்ததும், "கூப்பிடாமலே வந்துட்டியா?" என்றார்.

ஆஞ்சப்பன் எத்தனையோ பேசவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவன். அங்கே நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. "சார், பார்டர்... அது பார்டர் இல்லீங் சார்... பார்டர்தான், ஆனா..." என்று உளறினான்.

சரோஜம்மாள் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "சாமி, பார்டர் தாண்டறது குத்தம்னா என்னையும் புடிங்க. எங்க சின்னப் பொண்ணை அத்திப்பள்ளிலதான் குடுத்திருக்குது. போன வெள்ளிக்கிழமகூட தாண்டினேன்."

"நானும் தாண்டுனேன் சார், பந்த் அன்னைக்கு, நடந்து" என்றார் எபினேசர்.

"நான் பூ கொண்டுனு தெனம் தாண்டறேன்" என்றாள் ஒருத்தி. பின்னால் நின்றவர்களும் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். தமிழில் சிலர், தெலுங்கில் சிலர். அறைக்குள் சந்தைச் சத்தம்.

அதிகாரி கையை உயர்த்தினார். "பார்டர்னா... ஜூஜூவாடியா?" என்றார்.

"வேற எந்த பார்டர் சார் இருக்குது நமக்கு?" என்றான் ஆஞ்சப்பன். அதை அவன் எதிர்த்துக் கேட்கவில்லை. பார்டர் என்று அவன் வாயில் வந்ததெல்லாம் அந்த ஒன்றுதான்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டதத்தானே சார் சொன்னேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை. மேலே சொல்கிறேன், ஆனால் ஆள் என் கையை விட்டுப் போய்விட்டான், இப்போது யார் கையில் இருக்கிறான் என்று எனக்கே தெரியாது என்றார். எல்லோருக்கும் உட்கார நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி வருவதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்தது யாருக்கும் விளங்கவில்லை. அதிகாரி மேலே சொன்னாரா, அண்ணன் அங்கே பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போய் முகாம் வாசலில் உட்கார்ந்தது பலித்ததா, எபினேசர் சபையில் ஏறெடுத்த ஜெபமா, சரோஜம்மாள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதா? ஏன் பிடித்தார்கள் என்பதாவது புரிந்தது. ஏன் விட்டார்கள் என்பது புரியவே இல்லை. ஒருநாள் முகாமிலிருந்து அவனை வெளியே அனுப்பிவிட்டார்களாம். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் ஆஞ்சப்பனின் போன் அடித்தது.

"அண்ணா." சைதுலின் குரல்தான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "அத்திப்பள்ளில இருக்கேன்."

"அத்திப்பள்ளிலயா? அப்புறம் என்னடா, எந்த பஸ்ஸா இருந்தாலும் ஏறு, இதோ வந்துடுவ."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு, "பார்டர் இருக்கு அண்ணா. தாண்டலாமா?"

ஆஞ்சப்பன் வேனை எடுத்தான். ரெஹானா செருப்பில்லாமல் ஓடிவந்து ஏறினாள். ராசாத்தியும் சரோஜம்மாளும் ஏறினார்கள். அத்திப்பள்ளியில் ரோட்டோரம் ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் சைதுல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறான், பஸ் பஸ்ஸாகப் பார்க்கிறான், ஏறமாட்டேன் என்கிறான் என்று பூக்காரி கன்னடத்தில் சொன்னாள். ரெஹானா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார்கள். ஆஞ்சப்பனுக்கு அந்தப் பாஷை தெரியாது. இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் அதில் ஒரு சொல் கற்றுக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் நினைத்தான். அவமானமாக இருந்தது.

"வாடா, போலாம்" என்றான்.

சைதுல் எழுந்தான். வேன் படியில் கால் வைத்துவிட்டு நின்றான். "அங்க யாராவது கேட்டா? எப்படி வந்தேன்னு கேட்டா என்ன சொல்லணும் அண்ணா?"

ஆஞ்சப்பன் யோசித்தான். நடந்து வந்தேன் என்று சொல்லாதே என்பதா? வேனில் வந்தேன் என்று சொல் என்பதா? எந்தப் பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்குத் தெரியும்?

"வாயத் தொறக்காத" என்றான். "யாரு என்னா கேட்டாலும் வாயத் தொறக்காத."

அதைச் சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. ராசாத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

வேன் கிளம்பியது. சைதுல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். ஜூஜூவாடி வந்தது. எப்போதும்போல லாரிகள் நின்றன, டீக்கடையில் பஜ்ஜி வெந்தது, ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "தாண்டிட்டமா?" என்றான் சைதுல், கண்ணைத் திறக்காமல்.

"தாண்டிட்டோம்" என்றான் ஆஞ்சப்பன். அதை எந்தப் பாஷையில் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.